எல்லை தாண்டாத சிரிப்பு
கிரேஸி மோகன் அவர்களின் நாடக வாழ்வும் நம் இல்லங்களும்

தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எட்டென வகுத்தார்; அவ்வெட்டனுள் நகையையே முதலில் வைத்தார். அழுகையும் அச்சமும் வெகுளியும் பெருமிதமும் அதற்குப் பின்னரே வருகின்றன. சிரிப்பைச் சிறு பொருளென்று நம் முன்னோர் எண்ணவில்லை என்பதற்கு இவ்வொரு சான்றே போதும். ஆயினும் இலக்கியம் பேசுவோர் கூட்டத்தில் நகைச்சுவை எழுத்தாளனுக்குக் கடைசி நாற்காலியே கிடைக்கிறது. சிரித்து முடித்தவுடன் அவனை மறந்துவிடுகிறோம். அழ வைத்தவனை மட்டும் ஆண்டுகள் பல கழிந்த பின்னும் நினைவில் வைத்திருக்கிறோம்.

தாயகத்தை விட்டு வெளியே வாழும் தமிழ்க் குடும்பங்கள் நகைச்சுவையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்குத் தனிக் காரணம் ஒன்று உண்டு. பிள்ளைக்குத் தமிழ் தெரிகிறதா, இல்லையா என்பதை எதைக் கொண்டு அறிவது? ஆத்திசூடியை ஒப்பிக்கச் சொல்லலாம். பிள்ளை பொருள் அறியாமலும் ஒப்பித்துவிடும். ‘சாப்பிட வா’ என்று அழைத்துப் பார்க்கலாம். பசித்த பிள்ளை எம்மொழியில் அழைத்தாலும் வந்துவிடும். ஒரு தமிழ் நகைச்சுவையைச் சொல்லிப் பிள்ளை சிரிக்கிறதா என்று பார்த்தால் மட்டுமே உண்மை வெளிப்படும். சிரிப்புக்கு ஒப்பிப்பு இல்லை, புரிந்தால்தான் வரும்.

இவ்வெண்ணத்துடனேயே, காலஞ்சென்ற நாடகாசிரியரும் நடிகருமான திரு. கிரேஸி மோகன் அவர்களின் வாழ்க்கைப் பணியை நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

எல்லையோரத்து வீடுகள்

வரதய்யபாளையம், தெலுங்கு நாட்டின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டி அமைந்த ஊர். சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டம் தனியே அமைக்கப்பட்டபோது அதனுடன் இணைந்தது. அடுத்துள்ள சத்தியவேடு வட்டாரத்துக்கு எல்லை மாற்றம் புதிதன்று. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தபோது, அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தின் வடபகுதி ஊர்கள் சில ஆந்திரத்துக்குச் சென்றன. கோடு நகர்ந்தது, மக்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். அதன் பின்னர், 2008-ஆம் ஆண்டு முதல் இவ்விரு வட்டாரங்களின் நிலத்தில் ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரம் எழுந்தது. தொழிற்சாலைகளை நாடித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் இன்று இங்குள்ளன.

இத்தகைய வீடுகளில் தெருவுக்குத் தெலுங்கு, பள்ளிக்கு ஆங்கிலம், அடுக்களைக்குத் தமிழ் என்று மொழிகள் பங்கிடப்படுகின்றன. தந்தை இரவு முறை வேலைக்குச் செல்கிறார். தாய் வீட்டைக் கவனிக்கிறார், அல்லது அவரும் வேலைக்குச் செல்கிறார். பாட்டியும் தாத்தாவும் ஊரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பழைய தமிழ்ப் படம் ஒன்று தொலைக்காட்சியில் ஓடுகிறது. பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளை அவர்கள் முகத்தைப் பார்த்து, “என்ன சொன்னார்? ஏன் சிரிக்கிறீர்கள்?” என்று கேட்கிறது. “உனக்குப் புரியாது” என்று பதில் வருகிறது.

அவ்விரு சொற்களுடன் பிள்ளையின் கைக்கெட்டும் தொலைவில் இருந்த ஒரு கதவு மூடிக்கொள்கிறது. அன்றைய சிரிப்பு எழுந்த படம் பெரும்பாலும் கிரேஸி மோகன் எழுதிய படமாகவே இருக்கக்கூடும்.

பொறியியல் மாணவர்

மோகன் ரங்காச்சாரி 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள் பிறந்தார். பள்ளிப் பருவத்தில் ஜானகி என்னும் ஆசிரியை அவரை மேடையேற்றிப் பேசவும் நடிக்கவும் பழக்கினார். பிற்காலத்தில் தம் நாடகங்களிலும் திரைப்படங்களிலும் கதாநாயகிக்கு ‘ஜானகி’ என்று பெயரிடுவதை மோகன் வழக்கமாகவே கொண்டார். காண்போர் அதனை ஒரு வேடிக்கையாக எண்ணினர். நாற்பது ஆண்டுகள் விடாமல் செலுத்தப்பட்ட குருதட்சிணை என்றே நாம் அதனைக் கொள்ளவேண்டும்.

அவர் கற்றது இயந்திரப் பொறியியல். கற்ற இடம் சென்னை கிண்டி பொறியியற் கல்லூரி. 1972-ஆம் ஆண்டில் கல்லூரிகளுக்கிடையே நடந்த போட்டிக்காக அவர் எழுதிய ‘கிரேட் பேங்க் ராபரி’ என்னும் சிறு நாடகம் பரிசு பெற்றது. அப்பரிசை வழங்கியவர் அப்போது இளம் நடிகராயிருந்த கமல்ஹாசன். பிற்காலத்தில் இருவரும் கூடி எத்தனை படங்களில் பணியாற்றப் போகின்றனர் என்பதை அன்று மேடையில் நின்ற இருவருமே அறியார்.

படிப்பு முடிந்ததும் மோகன் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தில் பொறியாளராக அமர்ந்தார். பகலில் தொழிற்சாலை, இரவில் நாடகம் என்று வாழ்வு சென்றது. தம்பி பாலாஜியின் கல்லூரிக்காக நாடகங்கள் எழுதிக் கொடுத்தார். 1976-ஆம் ஆண்டில் எஸ். வி. சேகரின் நாடகப்பிரியா குழுவுக்காக ‘கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ என்னும் முழுநீள நாடகத்தை எழுதினார். அந்நாடகம் பெற்ற வெற்றியால் அதன் தலைப்பிலிருந்த ‘கிரேஸி’ என்னும் சொல் ஆசிரியரின் பெயருடன் ஒட்டிக்கொண்டது. தந்தை இட்ட பெயர் மோகன். நாடகம் இட்ட பெயர் கிரேஸி மோகன்.

1979-ஆம் ஆண்டில் ‘கிரேஸி கிரியேஷன்ஸ்’ என்னும் சொந்தக் குழு தொடங்கப்பட்டது. தமையனார் எழுத, தம்பி ‘மாது’ என்னும் பாத்திரமேற்று நடித்தார். அப்பாத்திரம் நாடகத்துக்கு நாடகம் தொடர்ந்ததால் தம்பிக்கு ‘மாது’ பாலாஜி என்றே பெயர் நிலைத்தது. ‘அலாவுதீனும் 100 வாட்ஸ் பல்பும்’, ‘மேரேஜ் மேட் இன் சலூன்’, ‘மீசை ஆனாலும் மனைவி’, ‘ஜுராசிக் பேபி’, ‘சாட்டிலைட் சாமியார்’ எனத் தலைப்பைக் கேட்டவுடனே முகம் மலரும் நாடகங்கள் வரிசையாக வந்தன. பின்னர் மோகன் தொழிற்சாலை வேலையைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். மாதம் தவறாமல் வரும் ஊதியத்தை விட்டுச் சிரிப்பை நம்பி வாழ்வதென்பது விளையாட்டான முடிவன்று. நம் வீடுகளில் பிள்ளை ஒருவன் இன்று அவ்வாறு சொன்னால் அன்றிரவு ஒருவரும் உறங்கமாட்டோம்.

சிரிப்பின் பொறி

மோகனின் எழுத்தில் பொறியாளர் மறையவே இல்லை. அவருடைய நாடகத்தின் அமைப்பு கடிகாரத்தின் உள்ளே உள்ள பற்சக்கரங்களை ஒத்தது. மாது ஒரு சிறு பொய் சொல்கிறான். அப்பொய்யைக் காக்க இரண்டாவது பொய் தேவைப்படுகிறது. அதற்குள் வாசலில் ஒருவர் வந்து நிற்கிறார். அவரிடம் வேறொரு பொய். ஒரே மனிதர் ஓர் அறையில் மாமனாராகவும் அடுத்த அறையில் சமையற்காரராகவும் நிற்கவேண்டிய நிலை உண்டாகிறது. காட்சி முடிவதற்குள் எல்லாச் சக்கரங்களும் ஒன்றையொன்று பற்றிச் சுழல்கின்றன. காண்போர் அடுத்து என்ன உடையும் என்று காத்திருக்கையில் அவர்கள் எதிர்பாராத மற்றொன்று உடைகிறது.

நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் கூறுகிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் பிறரை இகழ்வது. பேதைமை அறியாமை. மடன் என்பதற்கு, பிறர் சொன்னதைக் கொண்டு, கொண்டதை விடாது பிடித்திருக்கும் தன்மை என்று பொருள் கூறுவர். இன்றைய நகைச்சுவையில் பெரும்பகுதி எள்ளலையே நம்பி நிற்கிறது. ஒருவனுடைய நிறம், உடல், ஏழைமை, ஊர் ஆகியவற்றை இகழ்ந்து சிரிப்பதே எளிய வழியாகிவிட்டது. மோகன் பெரிதும் பேதைமையையும் மடனையும் நம்பினார். மாது தான் சொன்ன பொய்யை விடாது பற்றிக்கொள்கிறான். நாம் அவனை வெறுப்பதில்லை, அவனுக்காக அஞ்சுகிறோம். ஆபாசத்தை அவர் நாடகக் கொட்டகைக்குள் நுழையவிடவில்லை. பாட்டியும் பேத்தியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து பார்க்கக்கூடியவையாக அவருடைய நாடகங்கள் அமைந்தன. ஆங்கில நகைச்சுவை ஆசிரியர் வோடஹௌஸ் மீது அவருக்கிருந்த பற்று யாவரும் அறிந்ததே. தீயவரே இல்லாத, குழப்பம் மட்டுமே நிறைந்த அந்த உலகத்தின் சாயல் மாதுவின் வீட்டிலும் உண்டு.

திரைக்கு வந்த மேடை

1983-ஆம் ஆண்டில் இயக்குநர் கே. பாலசந்தர் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்தைப் ‘பொய்க்கால் குதிரை’ என்னும் திரைப்படமாக்கினார். 1989-ஆம் ஆண்டில் ‘அபூர்வ சகோதரர்கள்’, 1990-இல் ‘மைக்கேல் மதன காமராஜன்’, 1994-இல் ‘மகளிர் மட்டும்’, 1995-இல் ‘சதி லீலாவதி’, 1996-இல் ‘அவ்வை சண்முகி’, 1998-இல் ‘காதலா காதலா’, 2000-இல் ‘தெனாலி’, 2002-இல் ‘பஞ்சதந்திரம்’, 2004-இல் ‘வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.’ என்று அவர் உரையாடல் எழுதிய படங்கள் நீண்டன. சிலவற்றில் அவரே சிறு வேடங்களிலும் தோன்றினார்.

இப்படங்களைக் கூர்ந்து கேட்போர் ஒன்றை உணரலாம். ‘மைக்கேல் மதன காமராஜ’னில் பாலக்காட்டுச் சமையற்காரரின் தமிழ் ஒருவகை, சென்னைத் தெருவின் தமிழ் மற்றொருவகை. ‘சதி லீலாவதி’யில் கோவைத் தமிழ் குலுங்குகிறது. ‘தெனாலி’யில் ஈழத்தமிழ் ஒலிக்கிறது. எத்தனை வட்டாரங்கள் உண்டோ அத்தனை தமிழ் உண்டு என்பதையும், ஒவ்வொன்றுக்கும் தனித்த நகை உண்டு என்பதையும் இப்படங்கள் சிரிக்கச் சிரிக்கக் கற்பித்தன. வேற்றூரில் வளரும் பிள்ளைக்கு இதைவிட இனிய பாடம் கிடைப்பதரிது.

தெலுங்கு நாட்டுடன் இப்பணிக்கு இருந்த உறவையும் இங்கே குறிப்பிடவேண்டும். மேற்சொன்ன பட்டியலில் ‘அபூர்வ சகோதரர்கள்’, ‘மைக்கேல் மதன காமராஜன்’, ‘மகளிர் மட்டும்’, ‘காதலா காதலா’ ஆகிய நான்கையும் இயக்கியவர் நெல்லூர் மாவட்டத்தில் பிறந்த சிங்கீதம் சீனிவாசராவ். தமிழ்ச் சொல்லை வைத்து மோகன் சிலம்பமாட, தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட இயக்குநர் அதற்குக் களம் அமைத்துக் கொடுத்தார். இது புதிதுமன்று. 1891-ஆம் ஆண்டில் பல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்கு நாடகக் குழுவின் ஆட்டத்தைக் கண்ட பிறகே, அதுவரை தமிழ் நாடகத்தை வெறுத்திருந்த இளைஞர் பம்மல் சம்பந்த முதலியார் மனம் மாறிச் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். ஆண்டானுக்கும் வேலைக்காரனுக்கும் ஒரே பெயரை வைத்து, சொல்லைச் சொல்லாகவே எடுத்துக்கொள்ளும் பேதை ஒருவனைக் கொண்டு அவர் படைத்த ‘சபாபதி’, தமிழ் நகைச்சுவை நாடகத்தின் முன்னோடிகளுள் ஒன்று. மோகன் வாழ்ந்து வளர்ந்த சபா நாடக உலகின் தொடக்கத்திலேயே தெலுங்கு மேடை ஒன்று இருந்தது. 2002-ஆம் ஆண்டில் மோகன் உரையாடல் எழுதிய ஒரு படத்தின் பெயர் ‘பம்மல் கே. சம்பந்தம்’ என்பது அறிந்தோர்க்கு ஒரு புன்னகையைத் தரும்.

கடக்கும் நகை, கடவா நகை

‘அபூர்வ சகோதரர்கள்’ தெலுங்கில் ‘விசித்திர சோதருலு’ ஆயிற்று. ‘அவ்வை சண்முகி’ ‘பாமனே சத்யபாமனே’ ஆயிற்று. நம் தெலுங்கு அண்டை வீட்டார் அவற்றைக் கண்டு வயிறு குலுங்கச் சிரித்தனர். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்டது என்றால் எந்நாட்டவரும் சிரிப்பர். உளறும் காவல் அதிகாரியைக் கீழ்ப்பணியாளர் ஒருவர் அறிவுக்கடலே என்று புகழ்ந்தால் அதற்கும் மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. நிகழ்ச்சியால் பிறக்கும் நகை எல்லையைக் கடந்துவிடும்.

சொல்லால் பிறக்கும் நகைக்கு அந்த வழி இல்லை. நாமே ஓர் உதாரணம் அமைத்துக் காட்டுவோம். மாமனார் செய்தித்தாளை வாசித்து, “பாலாறு வற்றிவிட்டதாம்” என்கிறார். அடுக்களையிலிருந்து மருமகள், “ஐயையோ, அடுப்பை அணைக்க மறந்துவிட்டேனே!” என்று ஓடிவருகிறாள். ஆறு வற்றியது என்று அவர் சொன்னார். பால் வற்றியது என்று அவள் கேட்டாள். தெலுங்கிலும் பாலுக்குப் ‘பாலு’ என்றே பெயராதலால் இந்நகை பாதி வழி செல்லும். ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள்: ஓர் ஆறு வறண்டது, ஒரு பெண் அடுப்பை நோக்கி ஓடினாள் என்ற செய்தி மட்டும் மிஞ்சும்; சிரிப்பு எல்லைச் சாவடியிலேயே தங்கிவிடும்.

ஆங்கில நாட்டுக் கட்டுரையாசிரியர் ஜோசப் அடிசன் 1711-ஆம் ஆண்டில் இதையே ஓர் உரைகல்லாக வைத்தார். ஒரு நகைச்சுவையை வேற்றுமொழியில் பெயர்த்துப் பாருங்கள். நின்றால் அது மெய்யான நகை, மறைந்தால் அது வெறும் சொல் விளையாட்டு என்பது அவர் கருத்து. சொல் விளையாட்டை அவர் தாழ்வாகவே எண்ணினார். தமிழர் மரபு அவ்வாறு எண்ணவில்லை. சிலேடையை அணிகளுள் ஒன்றாக நம் இலக்கணிகள் ஏற்று, செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என்று வகையும் பிரித்தனர். காளமேகப் புலவர் பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்துக்கும் சிலேடை பாடிப் புகழ் பெற்றார். பெயர்த்தால் அழியும் என்பதே சிலேடையின் குறையாக அடிசனுக்குத் தோன்றிற்று. அதுவே அதன் மதிப்பாக நமக்குத் தோன்றுகிறது. வேறெங்கும் எடுத்துச் செல்ல இயலாத பொருளைக் காண வேண்டுமானால் அது இருக்கும் வீட்டுக்கே வரவேண்டும்.

மோகனுக்கு வெண்பாவில் இருந்த ஈடுபாட்டை இவ்விடத்தில் நினைத்துப் பார்த்தால் அவர் கலையின் வேர் விளங்கும். ஆயிரக்கணக்கான வெண்பாக்களை அவர் எழுதினார். இரமண மகரிஷியின் மீது பக்திப் பாக்களும் இயற்றினார். சீரும் தளையும் பிறழாமல் எழுதுவோன் ஒவ்வொரு சொல்லையும் எங்கே பிரிக்கலாம், எங்கே சேர்க்கலாம் என்று ஓயாமல் எண்ணிப் பார்க்கவேண்டும். அதே கண்ணும் காதும் கொண்டு அன்றாடப் பேச்சைக் கேட்டால் எங்கும் சிலேடை தெரியும். நாடகக் கொட்டகையில் ஒரு சிரிப்பு அடங்குமுன் அடுத்த சிரிப்பு எழுந்ததன் இரகசியம் இதுவே. அவர் காளமேகத்தின் வழிவந்தவர். தனிப்பாட்டுக்குப் பதிலாக மாதுவின் வீட்டுக் கூடத்தைக் களமாகக் கொண்டார்.

கூட்டுக் குடும்பத்தின் காது

இத்தனை சொற்களை அவர் எங்கே கற்றார்? கல்லூரியில் அவர் கற்றது இயந்திரங்களை. தமிழைக் கற்றது வீட்டில். மோகன் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர். புகழ் பெற்ற பின்னரும் சென்னையில் கூட்டுக் குடும்பமாகவே வாழ்ந்தவர். ஒரே கூரையின்கீழ் மூன்று தலைமுறையினர் பேசும்போது மூன்று காலத்துத் தமிழ் ஒன்றோடொன்று மோதுகிறது. பாட்டி ஒரு சொல்லை ஒரு பொருளில் ஆள்கிறாள். பேரன் அதையே வேறு பொருளில் கேட்கிறான். அம்மோதலில் தெறிக்கும் பொறியே நகைச்சுவை. மோகனின் நாடகங்களில் மாமா, மைத்துனன், தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர் என்று கூடம் எப்போதும் நிறைந்திருப்பதன் காரணம் இதுதான்.

புலம்பெயர்ந்த வீட்டின் இழப்பு எங்கே என்பது இப்போது தெளிவாகும். நம் வீடுகளில் பெரும்பாலும் இருவர் பெரியவர், இருவர் சிறியவர். பெரியவர் இருவரும் களைத்து வந்து, ‘குளி, சாப்பிடு, படி, தூங்கு’ என்னும் நான்கு ஏவல்களில் நாளை முடித்துவிடுகின்றனர். ஏவலில் சிலேடைக்கு இடமில்லை. பிள்ளைக்குக் கிடைப்பது கட்டளைத் தமிழ் மட்டுமே. கட்டளைத் தமிழ் கற்ற பிள்ளை கீழ்ப்படியும், சிரிக்காது. வளர்ந்து பெரியவனானதும், கீழ்ப்படிய வேண்டிய கட்டாயம் நீங்கியவுடன், அத்தமிழையும் சேர்த்து விட்டுவிடும். ஒரு மொழியைப் பிள்ளை தானாக விரும்பிப் பற்றிக்கொள்ள வேண்டுமானால், அம்மொழியில் மட்டுமே கிடைக்கும் இன்பம் ஒன்றை அது சுவைத்திருக்க வேண்டும். அவ்வின்பங்களுள் எளிதாகக் கைக்கு எட்டுவது சிரிப்பு.

தெலுங்கு அண்டை வீட்டாரைக் கண்டும் நாம் கற்கலாம். மோகனுக்கு ஓராண்டு முன்னர், 1951-ஆம் ஆண்டில் பிறந்த ஜந்தியால சுப்பிரமணிய சாஸ்திரி, அவரைப் போலவே நாடகம் எழுதத் தொடங்கித் திரைக்கு வந்தவர். ‘சங்கராபரணம்’ படத்துக்கு உரையாடல் எழுதியவரும், ‘அஹ நா பெள்ளண்ட’ போன்ற நகைச்சுவைப் படங்களை இயக்கியவரும் அவரே. 2001-ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்னரும் அவருடைய சொல் விளையாட்டுகளைத் தெலுங்கு வீடுகள் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கின்றன. அச்சிரிப்பும் தமிழுக்குள் முழுமையாக வராது. எல்லையோரத்தில் வளரும் நம் பிள்ளைகள் முயன்றால் இரு புதையல்களுக்கும் உரியவராகலாம். ஜந்தியாலவுக்கும் சிரித்து மோகனுக்கும் சிரிக்கும் பிள்ளை சென்னையில் இல்லை, விஜயவாடாவில் இல்லை, வரதய்யபாளையத்தில் இருக்கக்கூடும். நாம் அசட்டையாக இருந்தால் இரண்டுக்கும் விழிக்கும் பிள்ளையும் அங்கேயே இருக்கக்கூடும்.

கடைசி அங்கம்

2008-ஆம் ஆண்டில் மேடையேறிய ‘சாக்லேட் கிருஷ்ணா’ மோகனின் நாடகங்களில் பெரும்புகழ் பெற்றது. இடரில் சிக்கிய மாதுவின் முன் கண்ணபிரானே தோன்றுகிறார். அக்கண்ணன் வேடத்தை மோகனே ஏற்றார். மயிற்பீலியும் புன்னகையுமாக அவர் மேடையில் வந்து நின்றதும் அவை ஆர்ப்பரிக்கும். நூற்றுக்கணக்கான முறை அரங்கேறிய அந்நாடகம், தமிழர் வாழும் அயல்நாடுகளுக்கும் சென்றது. வேற்றுநாட்டுத் தமிழ்ச் சங்கங்கள் கிரேஸி குழுவை விரும்பி அழைத்ததில் வியப்பில்லை. ஆண்டு முழுதும் அலுவலகத்தில் ஆங்கிலத்தில் புன்னகைத்தவர்கள், இரண்டு மணி நேரம் தமிழில் வாய்விட்டுச் சிரிக்க அங்கே கூடினர்.

2019-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் மாரடைப்பால் மோகன் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 66. அன்றைய தினம் தமிழுலகம் அழுதது. அழுதுகொண்டே அவருடைய வசனங்களைச் சொல்லிச் சிரித்தது. நகைச்சுவையாளனுக்கு அதனினும் பொருத்தமான அஞ்சலி வேறில்லை. தம்பி பாலாஜி குழுவைக் கலைக்கவில்லை. தமையனாரின் நாடகங்களைத் தொடர்ந்து மேடையேற்றினார்.

நாம் செய்யத்தக்கது

நகைச்சுவை எழுத்தாளனின் புகழ் மற்ற எழுத்தாளரின் புகழைப் போல் நூலகத்தில் பாதுகாப்பாக இருப்பதன்று. காவியத்துக்கு உரையாசிரியர் இருந்தால் போதும். ஆயிரம் ஆண்டு கழித்தும் பொருள் விளங்கும். சிலேடைக்கு உரை எழுதினால் பொருள் விளங்கும், சிரிப்பு வராது. கேட்டவுடன் புரிந்துகொள்ளும் காது உள்ளவரையில்தான் மோகனின் கலை உயிரோடிருக்கும். அந்தக் காதைத் தமிழகத்து வீடுகள் தாமாகவே வளர்த்துக்கொள்ளும் என்று நாம் நம்பலாம். நம் வீடுகளில் அது தாமாக வளராது, வளர்க்க வேண்டும்.

அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. தொலைக்காட்சியில் நகைச்சுவைக் காட்சி ஓடும்போது பிள்ளை ‘ஏன் சிரித்தீர்கள்’ என்று கேட்டால், ஒரு நிமிடம் படத்தை நிறுத்திச் சொல்லின் இரு பொருளையும் எடுத்துச் சொல்லலாம். விளக்கிய நகைச்சுவைக்குச் சிரிப்பு வராது என்பது உண்மையே. ஆயினும் மூன்றாவது முறை விளக்கம் இல்லாமலே பிள்ளை சிரித்துவிடும். ஊரிலுள்ள பாட்டியுடன் தொலைபேசியில் பேசும்போது, ‘நலமா’ என்று கேட்டு முடித்துவிடாமல், ஒரு விடுகதை கேட்கச் சொல்லலாம். சங்கத்தின் பொங்கல் விழாவில் ஒப்பிக்கும் போட்டியுடன், பிள்ளைகள் தாமே அமைத்த சிலேடையைச் சொல்லும் போட்டி ஒன்றையும் சேர்க்கலாம். மோகனின் நாடகத்திலிருந்து ஒரு காட்சியை முறைப்படி அனுமதி பெற்றுப் பிள்ளைகளைக் கொண்டு நடிக்கச் செய்யலாம். ஜானகி என்னும் ஆசிரியை ஒருவர் ஒரு சிறுவனை மேடையேற்றினார். அதன் பயனைத் தமிழகம் நாற்பது ஆண்டு துய்த்தது. நம் நடுவிலும் ஜானகிகள் உளர். அவர்களுக்கு ஒரு மேடையும் ஒரு மாலை நேரமும் தந்தால் போதும்.

என்றேனும் ஒரு நாள் நம் பிள்ளை ஒரு சொல்லை வேண்டுமென்றே பிரித்துத் தப்பாகப் பொருள் கொண்டு, நம்மையே கேலி செய்து, நாம் விளங்காமல் விழிப்பதைக் கண்டு சிரிக்கும். அன்று பெற்றோர் சினம் கொள்ளவேண்டாம். தமிழ் அடுத்த தலைமுறைக்குக் கைமாறிவிட்டது என்று அறிந்து, தாமும் உடன் சிரிக்கவேண்டும்.